கருப்பட்டி ஒரு சரக்குதானா? இன்ஹெரிட்டன்ஸ் எனக்குப் புரிந்த கதை

போன எபிசோடுல கிளாஸ், ஆப்ஜெக்ட் ரெண்டையும் பார்த்தோம். அதுக்கப்புறம் வந்த மெசேஜ்கள்ல பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இன்ஹெரிட்டன்ஸ் எப்போ சொல்லித் தருவீங்க?" கேம்பஸ் இன்டர்வியூ சீசன்னு நினைக்கிறேன். சரி, இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

இன்டர்வியூவுல இந்தக் கேள்வி வந்தா என்ன பதில் சொல்லணும்னு உங்கள்ல நிறையப் பேருக்குத் தெரியும். அனிமல்னு ஒரு கிளாஸ். அதிலிருந்து டாக், கேட். அனிமல் சாப்பிடும், அதனால நாயும் சாப்பிடும், பூனையும் சாப்பிடும். ஒரே கோடைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டாம். நானும் இதைச் சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தப் பதில் தப்பு இல்ல. ஆனா அதை மட்டும் நம்பி நான் எழுதின ஒரு ப்ரோகிராமால, உடன்குடியில ஒரு அக்கா மேல திருட்டுப் பழி விழுந்தது. அந்தக் கதையோடயே பாடத்தையும் சொல்றேன்.

மாமா கடை

உடன்குடி தெரியாதவங்களுக்கு: தூத்துக்குடி மாவட்டத்துல, திருச்செந்தூருக்குத் தெற்கே, குலசேகரப்பட்டினத்துக்குப் பக்கத்துல இருக்கிற ஊர். சுற்றிலும் செம்மண் தேரி, பனை. ஊர்ப் பேரைச் சொன்னாலே கருப்பட்டிதான் ஞாபகத்துக்கு வரும். உடன்குடி பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு. பனையேறி விடிகாலையில மரம் ஏறி, சுண்ணாம்பு தடவின கலயத்துல சொட்டியிருக்கிற பதநீரை இறக்கிட்டு வருவார். அதை விடிலியில மணிக்கணக்கா காய்ச்சி, பதம் வந்ததும் சிரட்டையில ஊத்தி ஆற வெச்சா கருப்பட்டி. சுக்கு, ஏலக்காய் எல்லாம் சேர்த்துச் சின்னச் சின்னதா வார்த்தா சில்லுக்கருப்பட்டி. பதநீரைப் பாகாக் காய்ச்சி, பல நாள் அசைக்காம வெச்சு, படிகமாக்கி எடுத்தா பனங்கற்கண்டு.

அங்கே என் தாய்மாமா ஒரு கடை வெச்சிருக்கார். சீசன்ல மொத்தமா கருப்பட்டி வாங்கி வெச்சு, வருஷம் முழுக்க விற்பார். கணக்கெல்லாம் நீளமான ஒரு நோட்டுல. நான் சென்னையில வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், "மாமா, இந்த நோட்டைத் தூக்கிப் போடுங்க, நான் ஒரு ப்ரோகிராம் எழுதித் தர்றேன்"னு சொன்னேன். மாமாவுக்குப் பெருமை. கடைக்கு வர்ற எல்லார்கிட்டயும் சொல்லிட்டார்.

நான் என்ன எழுதினேன்

முதல்ல 'சரக்கு'ன்னு ஒரு கிளாஸ் எழுதினேன். அதுக்குள்ள பேர், விலை, எடை. மூணு மெத்தட்: வாங்கு, விற்பனை செய், இருப்பு. இருப்புன்னா என்ன? வாங்கினதுல வித்ததைக் கழிச்சா மிச்சம். ஒரே வரி.

அப்புறம் 'பனங்கற்கண்டு எக்ஸ்டெண்ட்ஸ் சரக்கு'ன்னு ஒரு கிளாஸ். எக்ஸ்டெண்ட்ஸ்னா, "சரக்குல இருக்கிற எல்லாம் எனக்கும் வேணும், கூடவே என்னோடது கொஞ்சம்"னு அர்த்தம். அந்த ஒரு வார்த்தையில மூணு மெத்தடும் கற்கண்டுக்கு வந்துடும். இதுல சரக்கு பேரன்ட் கிளாஸ், கற்கண்டு சைல்டு கிளாஸ். பேரன்ட்ல இருக்கிற ஒரு மெத்தட் சைல்டுக்குப் பொருந்தலன்னா, அதே பேர்ல சைல்டுக்குள்ள மாத்தி எழுதிக்கலாம். அதுக்குப் பேர் ஓவர்ரைடு.

இதே மாதிரி கருப்பட்டி, சில்லுக்கருப்பட்டி, புளி, வத்தல் எல்லாத்துக்கும் ஒவ்வொரு சைல்டு கிளாஸ். எதுக்கும் ரெண்டு மூணு வரிக்கு மேல இல்ல. மாசக் கடைசியில ரிப்போர்ட் எடுக்க ஒரே ஒரு லூப். அந்த லூப்புக்குக் கையில இருக்கிறது கற்கண்டா கருப்பட்டியான்னு தெரியாது, தெரியவும் வேண்டாம். எல்லாத்தையும் 'சரக்கு'ன்னு நினைச்சுக்கிட்டு, ஒவ்வொண்ணுகிட்டயும் "உன் இருப்பு எவ்வளவு?"ன்னு கேட்கும். பதில் வரும். இதைத்தான் பாலிமார்ஃபிசம்னு சொல்றோம்.

இந்த இடத்தை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. லூப்புக்குத் தெரியாது, அது நம்புது. கதையே இதுலதான் இருக்கு.

பதிமூணு கிலோ

ஆனி மாசம் மாமா 600 கிலோ கருப்பட்டி வாங்கினார். ஆவணியில போன் வந்தது.

"ஏல மருமவனே, 240 கிலோ வித்திருக்கு. உன் கம்ப்யூட்டரு 360 இருக்கணும்னு சொல்லுது. தராசுல வெச்சா 347தான் இருக்கு. பதிமூணு கிலோ எங்கல போச்சு?"

ரெண்டு ராத்திரி உட்கார்ந்து எல்லா என்ட்ரியையும் பார்த்தேன். ஒரு பில் விட்டுப் போகல. கூட்டல் கழித்தல் சரி. கற்கண்டு இருப்பு தராசோட கிராம் சுத்தமாப் பொருந்தியது. அப்போ மாமாகிட்ட ஒரு வாக்கியம் சொன்னேன். இன்னைக்கும் அதை நினைச்சா கூசுது. "கோடுல தப்பு இல்ல மாமா. கற்கண்டு சரியா வருதுல்ல?"

மாமா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "சரிடே"ன்னு வெச்சுட்டார்.

கம்ப்யூட்டர்ல தப்பு இல்லன்னா, கடையில தப்பு. கடையில கருப்பட்டியைத் தொடுறது ரெண்டே பேர்: மாமா, பொட்டலம் போடுற அக்கா. பத்து வருஷத்துக்கு மேல அங்கே வேலை பார்க்கிறவங்க. மாமா நேரா எதுவும் கேட்கல. "கருப்பட்டி கணக்கு இடிக்கிதே"ன்னு மட்டும் அவங்க முன்னாடி ரெண்டு மூணு தடவை சொல்லியிருக்கார். அது போதாதா? மறுநாள் அக்கா வரல. அதுக்கு மறுநாளும் வரல.

இதை எனக்கு அத்தைதான் போன்ல சொன்னாங்க. அந்த வெள்ளிக்கிழமையே செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறிட்டேன்.

ஓலைப்பெட்டி

வீட்டுல அத்தை பழைய நோட்டை எடுத்துப் போட்டாங்க. "மாமா எப்பவும் கழிவுன்னு ஒரு வரி எழுதுவாவளே, அது உன் கம்ப்யூட்டர்ல எங்க?"

பார்த்தேன். ஒவ்வொரு மாசமும் கருப்பட்டிக்குக் கீழே மட்டும் 'கழிவு'ன்னு ஒரு வரி. அதுக்கு எதிர்ல ஒரு எண். நோட்டை முதல்ல பார்த்தப்போ இதைக் கவனிக்காம இல்ல. உடைஞ்சது, சிந்தினதுன்னு நினைச்சு விட்டுட்டேன். யார்கிட்டயும் கேட்கல.

அக்கா வீட்டுக்குப் போனேன். அவங்க அப்பா பனையேறி. சின்ன வயசுல விடிலியில பதநீர் காய்ச்சி வளர்ந்தவங்க. கோபமாப் பேசல. அது இன்னும் கஷ்டமா இருந்தது.

"கருப்பட்டி காயாம இருக்குமா தம்பி? புதுசா வரும்போது ஈரமாத்தான் இருக்கும். காயக் காய எடை இறங்கும். ஐப்பசி மழையில கசிஞ்சுச்சுன்னா திரும்ப ஏறும். இது தெரியாமலா கணக்கு எழுதுனீங்க?" அப்புறம் சொன்னாங்க, "கடையில வாய் தைச்ச பெட்டி இன்னும் கிடக்கும். வந்தன்னைக்கு நான் எடை போட்டு மேல எழுதியிருக்கேன். அதைப் பிரிக்காம நிறுத்துப் பாருங்க."

கடைக்கு வந்து பார்த்தேன். ஓரமா ஒரு ஓலைப்பெட்டி. ஓலையில பேனாவால "10 கிலோ, ஆனி 12". தையல் அப்படியே இருக்கு. மாமா முன்னாடியே தராசுல வெச்சேன். 9 கிலோ 620. இன்னொண்ணு, 9 கிலோ 650. யாரும் கை வைக்காத பெட்டிகள்.

மாமா தராசையே பார்த்துக்கிட்டு இருந்தார். "கழிவு உண்டுன்னு எனக்கும் தெரியும்டே. எல்லாம் போட்டாச்சுன்னு நீ சொன்னியேன்னு நினைச்சேன்"னார்.

தப்பு எங்கே?

இப்போ கோடுக்கு வருவோம். 'கருப்பட்டி ஒரு சரக்கு.' தமிழ் வாக்கியமாப் பார்த்தா நூத்துக்கு நூறு சரி. இன்ஹெரிட்டன்ஸ் போடலாமான்னு பார்க்க நமக்குச் சொல்லித் தர்ற சோதனையும் இதுதான்: "இது ஒரு அதுவா?" நாய் ஒரு விலங்கா? ஆமா. போடு எக்ஸ்டெண்ட்ஸ்.

ஆனா என் 'சரக்கு' கிளாஸ் வெறும் மூணு மெத்தட் இல்ல. அதுக்குள்ள எழுதப்படாத ஒரு வாக்குறுதி இருந்தது: "வாங்கினாலோ வித்தாலோ ஒழிய என் எடை மாறாது." நான் எழுதும்போது மனசுல இருந்தது பாக்கெட்ல போட்ட கற்கண்டு. அதுக்கு அந்த வாக்குறுதி உண்மை. கருப்பட்டிக்கு அது பொய். எக்ஸ்டெண்ட்ஸ்னு எழுதின அந்த நிமிஷம், கோடோட சேர்த்து அந்த வாக்குறுதியும் கருப்பட்டி தலையில ஏறிடுச்சு. ரிப்போர்ட் எடுக்கிற லூப் அதை நம்புச்சு. மாமா லூப்பை நம்பினார். கடைசியில பழி அக்கா மேல விழுந்தது.

இதுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ்ல ஒரு பேர் இருக்கு. பார்பரா லிஸ்கோவ்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி, 2008-ம் வருஷத்துக்கான டூரிங் விருது வாங்கினவங்க. 1987-ல ஒரு மாநாட்டு உரையில இதைப் பேசினாங்க. பின்னாடி 1994-ல ஜெனட் விங்கோட சேர்ந்து முறையா எழுதினாங்க. சுருக்கமாச் சொன்னா: பேரன்ட் இருக்கிற இடத்துல சைல்டை வெச்சாலும், பேரன்டை நம்பி எழுதின ப்ரோகிராம் ஏமாறக் கூடாது. லிஸ்கோவ் சப்ஸ்டிட்யூஷன்னு இன்டர்வியூவுக்கு மனப்பாடம் பண்றோமே, அது இதுதான். நான் வரி மாறாம ஒப்பிச்சிருக்கேன். ஓலைப்பெட்டியைத் தராசுல வைக்கிற வரைக்கும் புரியல.

பெரியவங்களும் சறுக்கின இடம்

என்னை மாதிரி புதுசா வந்தவங்க மட்டும்தான் இப்படிப் பண்ணுவாங்கன்னு நினைக்காதீங்க. ஜாவாலயே இருக்கு. ஸ்டாக் தெரியும்ல? அடுக்கி வெச்ச தட்டு மாதிரி. மேல வைக்கலாம், மேல இருந்து எடுக்கலாம், அவ்வளவுதான். ஆனா ஜாவாவோட முதல் பதிப்புலயே 'ஸ்டாக் எக்ஸ்டெண்ட்ஸ் வெக்டர்'னு எழுதிட்டாங்க. வெக்டர்ல எந்த இடத்துல வேணும்னாலும் சொருகலாம், உருவலாம். அதெல்லாம் ஸ்டாக்குக்கும் வந்துடுச்சு. இன்னைக்கும் ஜாவா ஸ்டாக்குல நடுத்தட்டை உருவ முடியும். அதை நம்பி எழுதின பழைய ப்ரோகிராம்கள் இருக்கிறதால மாத்தவும் முடியல. டெக் கிளாஸ்களைப் பயன்படுத்துங்கன்னு டாக்குமென்டேஷன்லயே சொல்லியிருக்காங்க.

இன்னொண்ணு. உடன்குடிக்குப் பக்கத்துல குலசேகரப்பட்டினத்துல இஸ்ரோவோட ரெண்டாவது ஏவுதளம் வருது, 2024 பிப்ரவரியில அடிக்கல் நாட்டினாங்க. ஊர்ல எல்லாரும் ராக்கெட் பத்திப் பேசுற காலம், அதனால ஒரு ராக்கெட் கதை. 1996 ஜூன் 4, ஐரோப்பாவோட ஏரியான் 5 ராக்கெட் முதல் தடவையாக் கிளம்புது. கிளம்பி ஏறக்குறைய 40 விநாடியில வானத்துலயே சிதறிப் போச்சு. காரணம், அதுக்கு முந்தைய ஏரியான் 4-லிருந்து அப்படியே எடுத்து வெச்ச ஒரு சாஃப்ட்வேர். பக்கவாட்டு வேகத்தோட தொடர்புள்ள ஒரு எண், ஏரியான் 4-ல ஒரு அளவைத் தாண்டவே தாண்டாது. அதனால அதை 16 பிட்டுக்குள்ள மாத்திக்கிட்டாங்க. 16 பிட்ல அதிகபட்சம் 32,767 வரைதான் போகலாம். ஏரியான் 5 வேற பாதையில வேகமாப் போற ராக்கெட். எண் அந்த அளவைத் தாண்டுச்சு, சாஃப்ட்வேர் நின்னுடுச்சு. இதுல பரிதாபம், அந்தக் கணக்கு ஏரியான் 5-க்குக் கிளம்பின பிறகு தேவையே இல்ல. பழைய ராக்கெட்டுக்குத் தேவைப்பட்டதால ஓடிக்கிட்டு இருந்தது.

இது கிளாஸ் இன்ஹெரிட்டன்ஸ் இல்ல, அதைச் சொல்லிடுறேன். அந்தக் கோடு ஏடா மொழியில எழுதினது, இதுல எக்ஸ்டெண்ட்ஸ் எல்லாம் இல்ல. ஆனா நோய் ஒண்ணுதான். கோடை வாங்கிக்கிட்டாங்க. அது எந்த நம்பிக்கையில எழுதப்பட்டதுன்னு திரும்பச் சோதிக்கல.

சரிபண்ணப் போய்

திரும்ப என் கதைக்கு. உடனே என்ன பண்ணேன்? கருப்பட்டி கிளாஸ்ல இருப்பு மெத்தடை ஓவர்ரைடு பண்ணி, மாசத்துக்கு இவ்வளவு சதவீதம் கழிவுன்னு போட்டேன். அக்காகிட்ட காட்டினேன். சிரிச்சாங்க. "பாக்கெட் போட்டு ஒட்டினது காயாதே தம்பி?"

சரி, 'பாக்கெட் கருப்பட்டி'ன்னு ஒரு சைல்டு கிளாஸ், அதுல கழிவை நீக்கி இன்னொரு ஓவர்ரைடு. "மழையில?" அதுக்கு ஒண்ணு. சில்லுக்கருப்பட்டி பெட்டியில இருந்தா? பாக்கெட்ல இருந்தா? ஒரு மணி நேரத்துல ஏழு கிளாஸ் ஆகிடுச்சு. பேரன்ட் கொடுத்ததை சைல்டு மறுக்கும், சைல்டு மறுத்ததைப் பேரன் திரும்பக் கொண்டு வருவான். இந்த மாதிரி குடும்ப மரத்தை நீங்க ஆபீஸ்ல பார்த்திருப்பீங்க. மேல ஒரு வரியைத் தொட்டா கீழ எது உடையும்னு யாருக்கும் தெரியாது.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசிச்சேன். எடை எப்படி மாறும்ங்கிறது கருப்பட்டியோட குலத்தைப் பொறுத்தது இல்ல. அது எப்படி வைக்கப்பட்டிருக்குங்கிறதைப் பொறுத்தது. அதனால 'எடை விதி'ன்னு தனியா ஒரு சின்ன கிளாஸ் வகை. அதுல ரெண்டுதான். ஒண்ணு, 'மாறாத எடை': பாக்கெட்டுக்கு. இன்னொண்ணு, 'மறு எடை': பெட்டியில இருக்கிறதுக்கு. மாசக் கடைசியில தராசுல வெச்ச எண்ணை உள்ளே போடணும், ப்ரோகிராம் தானா எதையும் ஊகிக்காது. ஒவ்வொரு சரக்கும் தனக்குள்ள ஒரு எடை விதியை வெச்சிருக்கும். சரக்கைப் பெட்டியிலிருந்து பாக்கெட்டுக்கு மாத்தினா, விதியை மட்டும் மாத்தினாப் போதும். ஏழு கிளாஸையும் அழிச்சேன்.

இதுக்குப் பேர் காம்போசிஷன். "இது ஒரு அதுவா?"ன்னு கேட்காம, "இதுகிட்ட அது இருக்கா?"ன்னு கேட்கிறது. 1994-ல வந்த டிசைன் பேட்டர்ன்ஸ் புத்தகத்துல நாலு ஆசிரியர்களும் இன்ஹெரிட்டன்ஸைவிட இதுக்கு முதலிடம் கொடுக்கச் சொன்னாங்க. அதுக்கப்புறம் வந்த கோ, ரஸ்ட் மாதிரியான மொழிகள்ல கிளாஸ் இன்ஹெரிட்டன்ஸே கிடையாது.

வாய் தைச்ச பெட்டியையும் தனியா எடை போடச் சொல்லி ஒரு என்ட்ரி வெச்சேன். பிரிக்காத பெட்டி எவ்வளவு காய்ஞ்சதுன்னு தெரிஞ்சா, பிரிச்சதுல எவ்வளவு குறையலாம்னு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்த யோசனை அக்காவோடது.

அப்போ இன்ஹெரிட்டன்ஸே வேண்டாமா?

அப்படிச் சொல்ல வரல. இது எதுக்காகப் பிறந்ததுன்னு பாருங்க. ஓஸ்லோவுல ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்டு ரெண்டு பேரும் சிமுலா 67 மொழியை உருவாக்கும்போது, சுங்கச்சாவடி உள்ள ஒரு பாலத்தை மாதிரியா எடுத்துக்கிட்டாங்க. லாரி, பஸ் எல்லாம் வேற வேற, ஆனா எல்லாமே வரிசையில நிக்கணும். வரிசையில நிக்கிற திறமையை ஒரு தடவை எழுதி, எல்லா வண்டிக்கும் எப்படிக் கொடுக்கிறது? அதுக்கு விடையா வந்ததுதான் சப்-கிளாஸ். அந்த இடத்துல அது அருமையாப் பொருந்துது. வரிசையில நிப்பேங்கிற வாக்கை லாரியும் காப்பாத்தும், பஸ்ஸும் காப்பாத்தும். நீங்க ஆண்ட்ராய்டுல ஆக்டிவிட்டியையும், ஜாங்கோல மாடலையும் எக்ஸ்டெண்ட் பண்றீங்க. அதெல்லாம் சரிதான். பேரன்ட் என்ன வாக்குக் கொடுக்குதுன்னு அங்கே தெளிவா எழுதி வெச்சிருக்காங்க.

அதனால எக்ஸ்டெண்ட்ஸ்னு டைப் பண்றதுக்கு முன்னாடி நான் இப்போ மூணு கேள்வி கேட்டுக்கிறேன். நீங்களும் கேட்டுப் பாருங்க.

ஒண்ணு: பேரன்ட் என்னென்ன வாக்குக் கொடுத்திருக்கு? எழுதினது மட்டும் இல்ல, எழுதாததும்.

ரெண்டு: அது எல்லாத்தையும் இந்த சைல்டு காப்பாத்துமா? ஒண்ணை மறுக்கிறதுக்காக ஓவர்ரைடு பண்ண வேண்டியிருந்தா, அங்கேயே நில்லுங்க.

மூணு: அந்தப் பொருளைத் தினமும் கையில தொடுறவங்ககிட்ட கேட்டேனா?

மூணாவது எந்தப் புத்தகத்துலயும் இல்ல. ஆனா நான் அதை மட்டும் செஞ்சிருந்தா மத்த ரெண்டும் தானா வந்திருக்கும். 'கழிவு'ங்கிற வரியைப் பார்த்தன்னைக்கே "இது என்ன அக்கா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தாப் போதும்.

அக்கா என்ன ஆனாங்கன்னு கேட்பீங்க. அன்னைக்குச் சாயங்காலமே மாமா வண்டியை எடுத்துக்கிட்டு அவங்க வீட்டுக்குப் போனார். என்ன பேசினார்னு எனக்குத் தெரியாது, நான் கூடப் போகல. ரெண்டு நாள் கழிச்சு அக்கா வேலைக்கு வந்தாங்க. நான் மன்னிப்புக் கேட்டப்போ, "விடுங்க தம்பி, எடை மட்டும் ஒழுங்காப் போடுங்க"ன்னாங்க. இப்பவும் மாசக் கடைசியில தராசுப் பக்கத்துல நின்னு எண்ணைப் போடுறது அவங்கதான். ஆனா இன்னைக்கும் ஓலைப்பெட்டி மேல தேதியும் எடையும் பேனாவால எழுதத்தான் செய்றாங்க. நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரல.

சரி மக்களே, இன்னைக்கு இவ்வளவுதான். உங்க கோடுல ஒரு பேரன்ட் கிளாஸை எடுத்து, அதோட எழுதாத வாக்குறுதிகளை ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. ஏதாவது சிக்கினா எனக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோடுல இன்டர்ஃபேஸ் பத்திப் பேசலாம்.